போயிட்டு வந்துட்டீங்களா?

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால், ஐந்து கடிதங்கள் ஒரே விஷயத்தைப் பற்றி. அதில் நாலு பேர் தங்களுக்காக எழுதவில்லை, வீட்டில் இருக்கும் இன்னொருவருக்காக எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் 'எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை' என்று ஒரு வரி. நான் எழுதிவிடுகிறேன்: மூத்திரம். வந்தால் அடக்க முடியாத அவசரம்.

முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தேன். அதில் ஒன்பது வருஷம் சிறுநீரகப் பிரிவில், வெளிநோயாளிகளைப் பார்க்கும் இடத்தில். எனக்கு அந்த வார்த்தையில் கூச்சம் கிடையாது. ஆனால் என் வீட்டுக்காரருக்கே இந்தத் தொந்தரவு வந்தபோது நான் செய்த தப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. அதையும் நடுவில் சொல்கிறேன். அவரிடம் அனுமதி வாங்கியாயிற்று. "பேரை மட்டும் போட்டுடாதே" என்றார்.

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது. ஒரு வருஷமாக அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போகிறார். சில சமயம் போவதற்குள் துணி நனைந்துவிடுகிறது. பயந்துகொண்டு தண்ணீரே குடிப்பதில்லை, எங்கே கூப்பிட்டாலும் "நான் வரலைம்மா" என்கிறார். நானும் சாப்பிடும் முன், கிளம்பும் முன், படுக்கும் முன் "ஒரு தடவை போயிட்டு வந்துடுங்க அத்தை" என்று மறக்காமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். குறைந்தபாடில்லை. வயசானால் இப்படித்தானா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வயதானவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்பது நிஜம். அதற்காக 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடக் கூடாது. எத்தனையோ பேர் இந்த ஒரு வார்த்தையை நம்பி, பத்து வருஷம் பொறுத்துவிட்டு எங்கள் அறைக்கு வருவார்கள்.

முதல் வேலை, டாக்டரிடம் அழைத்துப் போவது. சிறுநீரில் கிருமி இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். சர்க்கரை ஏறியிருந்தாலும் அடிக்கடி போகும். மலச்சிக்கல் இருந்தால் நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். போன பிறகும் உள்ளே நிறையத் தங்கிவிடுகிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். இவை எதுவும் இல்லையென்றால்தான் சிறுநீர்ப்பையின் அதீதச் செயல்பாடு என்ற பேச்சுக்கு வருவார்கள்.

அது என்னவென்றால், சாதாரணமாக ஒரு சிறுநீர்ப்பை 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். பாதி நிறையும்போது லேசாக ஒரு செய்தி அனுப்பும். "சரி, அப்புறம்" என்று மூளை சொன்னால் அடங்கிவிடும். இவர்களுக்கு அந்தப் பையின் சுவர்த்தசை மூளையைக் கேட்காமலே, கொஞ்சம் நிறைந்ததுமே சுருங்க ஆரம்பித்துவிடுகிறது. முட்டிக்கொண்டு வருவது அதனால்தான். "கொஞ்சம் அடக்கிக்கிட்டா என்ன?" என்று யாராவது கேட்டால் அவர் வாயை அடையுங்கள். அது சோம்பலும் இல்லை, மனசு வைக்காத குறையும் இல்லை.

இப்போது உங்களைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள். "போயிட்டு வந்துடுங்க" என்று நீங்கள் பாசமாகச் சொல்வதும் தொந்தரவை வளர்க்கலாம். அவசரமே இல்லாமல் எதற்கும் இருக்கட்டும் என்று போகப் போக, அந்தப் பை கொஞ்சமாக நிறைந்ததுமே காலி செய்யப் பழகிவிடும். இன்றைக்கு 150 மில்லியில் கூப்பிட்டது நாளைக்கு 100 மில்லியிலேயே கூப்பிடும். தூரப் பயணத்துக்கு முன்னும் படுக்கப் போகும் முன்னும் போகட்டும். மற்ற நேரத்தில் சொல்வதை நிறுத்துங்கள். (மறதி நோய் உள்ளவர்கள் விஷயம் வேறு. அவர்களை இரண்டு மணிக்கு ஒரு தடவை கேட்டு அழைத்துப் போவதுதான் சரி.)

தண்ணீரைக் குறைப்பதும் அப்படித்தான். குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்த்தியாகி, அந்த எரிச்சலே பையைச் சீண்டும். மலமும் இறுகும். பகலில் பரவலாக ஒன்றரை லிட்டர் போல குடிக்கட்டும், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளட்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள், சிலருக்கு அதுவே பாதி குணம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலியில் வீடே இரண்டாகும். ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக.

வெளியே கூப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். போகும் இடத்தில் பாத்ரூம் எங்கே என்று நீங்கள் முன்னாடியே பார்த்து, அவர் காதில் ஒரே தடவை சொல்லுங்கள். ஓரத்து நாற்காலியாகப் பிடியுங்கள். மாற்றுத்துணி உங்கள் பையில் இருக்கட்டும். இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும், பல நாள் அது தேவையே படாது.

கேள்வி: என் மனைவிக்கு 43 வயது. ஆறு மாதமாக இந்த அவசரம். ஒரு நாள் அலுவலகத்தில் லிஃப்டுக்குள் நனைந்துவிட்டது. பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு டாக்டர் "தொற்று இல்லை, சர்க்கரை இல்லை, டைரி எழுதுங்க, சிறுநீர்ப்பைப் பயிற்சி செய்யுங்க" என்று அனுப்பிவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. இப்போது தனி அறையில் படுக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: நீங்களாவது கேட்டீர்களே. எங்கள் அறைக்கு மனைவியோடு வரும் கணவர்கள் பெரும்பாலும் வெளியே செல்போனோடு நின்றுவிடுவார்கள்.

டைரி பெரிய வித்தை இல்லை. மூன்று நாள். அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை பாத்ரூமில் இருக்கட்டும். எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மில்லி, எவ்வளவு அவசரம், கசிந்ததா, என்ன குடித்தார், இவ்வளவுதான். அலுப்பாக இருக்கும். ஆனால் அந்தத் தாள் பேசும். ஒரு பெண்மணியின் தாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பகல் முழுக்க 90, 110, 80, 100 என்று நாற்பது நிமிஷத்துக்கு ஒன்று. விடிகாலை எழுந்ததும் மட்டும் 380. "என் பை சுருங்கிப்போச்சு சிஸ்டர்" என்று அழுதுகொண்டு வந்தவர். அந்த 380-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். தூங்கும்போது இவ்வளவு தாங்குகிற பை எப்படிச் சுருங்கியிருக்கும்? அழுகை நின்றுவிட்டது.

பயிற்சி என்பது அந்த இடைவெளியை இழுப்பது. டைரியில் சராசரி முக்கால் மணி என்றால், ஒரு மணிக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது ஒரு வாரம் வசப்பட்டதும் பதினைந்து நிமிஷம் கூட்டவும். இப்படியே இரண்டரை, மூன்று மணி நேரம் வரை. ராத்திரிக்கு இந்தக் கணக்கு வேண்டாம். ஆறு வாரமாவது செய்யாமல் பலன் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

நடுவில் அவசரம் வந்தால்? எல்லோரும் செய்வது ஓடுவது. ஓடினால் வயிறு குலுங்கும், பதற்றம் கூடும், பாதி வழியில் கசியும். செய்ய வேண்டியது நேர் எதிர். நின்ற இடத்தில் நிற்க வேண்டும், முடிந்தால் உட்கார வேண்டும். வாயு பிரியாமல் அடக்குவோமே, அந்தத் தசையை 'டக் டக்' என்று ஐந்தாறு தடவை இறுக்கி விட வேண்டும். அது இறுகும்போது பையின் சுவர் தானாகத் தளரும், உடம்புக்குள் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. கூடவே மனசை வேறு பக்கம் திருப்ப நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கலாம். அவசரம் அலை மாதிரி, ஏறும், உச்சிக்கு வரும், இறங்கும். இறங்கின பிறகு நடந்து போகட்டும். முதல் வாரம் இது நடக்காத காரியம் என்று தோன்றும். அதே தசைக்குத் தினமும் மூன்று வேளை, வேளைக்கு எட்டுத் தடவை மெதுவாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் உண்டு, மூன்று மாதம் விடாமல். சரியான தசையைத்தான் இறுக்குகிறாரா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை பார்த்துச் சொன்னால் நல்லது. பாதிப் பேர் வயிற்றை எக்குவார்கள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது வேண்டாம்.

உடம்பு எடை கூடுதலாக இருந்தால் அதையும் குறைக்க வேண்டும். 2009-ல் அமெரிக்காவில் 338 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், எடையில் சுமார் 8 சதவீதம் குறைத்தவர்களுக்குக் கசிவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. இதை மனைவியிடம் நீங்கள் சொல்லாதீர்கள். டாக்டர் சொல்லட்டும். நீங்கள் காலையில் கூட நடக்கப் போங்கள், அது போதும்.

இதில் உங்கள் வேலை மேற்பார்வை இல்லை. "ஒரு மணி ஆகலையே, அதுக்குள்ள ஏன் போற?" என்று கேட்டீர்களோ, டைரியை அன்றைக்கே தூக்கி எறிந்துவிடுவார். கேட்டால் பேசுங்கள். அவர் கண்ணை மூடி நின்று எண்ணும்போது குறுக்கே பேசாதீர்கள். பயிற்சி மட்டும் போதாவிட்டால் மாத்திரை உண்டு. அதற்கும் மேலே, கணுக்கால் அருகே நரம்பை லேசான மின்சாரத்தால் தூண்டுகிற சிகிச்சை உண்டு, வாரம் ஒரு தடவை அரை மணி நேரம், பன்னிரண்டு வாரம். சிறுநீர்ப்பைக்குள் போடும் போடாக்ஸ் ஊசியும் உண்டு, அது பையின் தசையைத் தளர்த்தும். அதற்குப் பிறகு சிலருக்குக் கொஞ்ச நாள் குழாய் வைத்துச் சிறுநீரை எடுக்க வேண்டி வரும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும். வழி ஒன்று இரண்டோடு நின்றுவிடுவதில்லை என்று தெரிந்தாலே மனசு தெளியும்.

தனி அறை விஷயம். வாடை வருமோ, படுக்கை நனையுமோ என்ற பயம்தான் அது, உங்கள் மேல் வெறுப்பு இல்லை. "ஏன் அங்கே படுக்கிற?" என்பது குற்றச்சாட்டாகக் கேட்கும். "நனைஞ்சா மாத்திக்கலாம், நீ இங்கேயே படு" என்று சொல்லிப் பாருங்கள். உடனே வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. அவசரத்துக்கு மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம். தடவைகள் குறைந்தன. ஆனால் வாய் வறண்டு பேச்சே ஒட்டுகிறது, மலம் போகவில்லை, பத்து நாளாகக் கொஞ்சம் குழப்பமாகப் பேசுகிறார். நிறுத்திவிடலாமா?

பதில்: இன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். ஆக்ஸிபுட்டினின் போன்ற பழைய மாத்திரைகள் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புச் செய்தியைத் தடுக்கும். அதே செய்தி எச்சில் சுரப்பியிலும் குடலிலும் மூளையிலும் வேலை செய்வதால்தான் நீங்கள் எழுதிய மூன்றும் வரும். வயதானவர்களுக்குக் குழப்பம் வருவது அந்த மாத்திரையாலும் இருக்கலாம், சிறுநீரில் கிருமித் தொற்றாலும் இருக்கலாம். ஜலதோஷத்துக்கு, தூக்கத்துக்கு என்று வீட்டில் கிடக்கிற சில மாத்திரைகளும் இதோடு சேர்ந்துகொள்ளும். அதனால் அவர் விழுங்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள். கண் அழுத்த நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மிராபெக்ரான் என்று வேறு வழியில் வேலை செய்யும் மாத்திரை இருக்கிறது. அதற்கு ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரே வராமல் அடிவயிறு உப்பினாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, கால் மரத்துப்போனாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: என் கணவர் ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்கிறார். அவர் விழுந்துவிடுவாரோ என்று நானும் எழுந்திருக்கிறேன். பகலெல்லாம் தலை சுற்றுகிறது. கோபம் வந்து கத்திவிடுகிறேன், அப்புறம் அழுகிறேன். எனக்கு 66 வயது.

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேஜையிலேயே வைத்திருந்தேன். இது என் வீட்டுக் கதை.

என் வீட்டுக்காரருக்கு அறுபத்தெட்டு. நாலு தடவை, சில ராத்திரி ஐந்து. ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால், கொடியில் பெட்ஷீட் ஈரமாகத் தொங்குகிறது. நனைந்ததை எனக்குத் தெரியாமல் துவைத்து, பிழியத் தெரியாமல் பிழிந்து, தண்ணீர் சொட்டச் சொட்டப் போட்டிருக்கிறார். நான் கண்டும் காணாமல் இருந்திருக்கலாம். அடுத்த நாளே அவர் இல்லாத நேரம் மெத்தை மேல் ரப்பர் ஷீட் விரித்துவிட்டேன். ஆஸ்பத்திரிப் பழக்கம். ராத்திரி படுத்ததும் அது 'சரசர' என்று சத்தம் போட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. விரித்தது தப்பில்லை, கேட்காமல் விரித்ததுதான் தப்பு. இப்போது சத்தமே வராத பருத்தி விரிப்புகள் இருக்கின்றன. அதை அவரே தேர்ந்தெடுத்தார்.

உங்களுக்குச் சொல்வது: ராத்திரிப் பிரச்சினை எல்லாமே சிறுநீர்ப்பையிலிருந்து வருவதில்லை. எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் நிறையப் போகிறதா, கொஞ்சமாகப் போகிறதா என்று அளந்து பாருங்கள். ஒரு நாளைய மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியிலேயே வந்தால் காரணம் வேறு. சாயங்காலம் கால் வீங்குகிறவர்களுக்கு, படுத்ததும் அந்த நீர் திரும்ப ரத்தத்தில் கலந்து சிறுநீராக இறங்கும். மதியம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் அந்தக் கணக்குப் பகலிலேயே முடிந்துவிடும். நீர் போக மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நிற்கிற மாதிரி இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதுவும் ராத்திரிச் சிறுநீரைக் கூட்டும். ஆண்களுக்கு புராஸ்டேட் பரிசோதனையும் உண்டு.

விழும் பயத்துக்கு: கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையோடு சின்ன விளக்கு, வழியில் மிதியடி எதுவும் இல்லாமல், சுவரில் பிடிமானம். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் அரை நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும். மூடி போட்ட யூரின் பாட்டில் ஒன்று கட்டிலுக்கு அடியில். என்னவர் முதலில் "நான் என்ன நோயாளியா?" என்றார். ஒரு மழை ராத்திரியில் அவராகவே எடுத்துக்கொண்டார். நான் தூங்குவது போல் படுத்திருந்தேன்.

இதையெல்லாம் செய்த பிறகு நீங்கள் எழுந்திருக்காதீர்கள். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துத் தூங்குங்கள். இல்லை, மகனோ மகளோ முறை வைத்துக்கொள்ளட்டும். கத்தியதற்கு அழ வேண்டாம். தூக்கமில்லாதவர் கத்தாமல் இருந்தால்தான் அதிசயம். காலையில் அவரிடம் "ராத்திரி தூக்கக் கலக்கத்துல கத்திட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சரியாகிவிடும்.

கசிவை உறிஞ்ச உள்ளாடைக்குள் வைக்கும் பேட் பற்றியும் ஒரு வரி. மாதவிடாய்க்கான நாப்கின் இதற்கு உதவாது, சிறுநீர் வேகமாக வரும். அதற்கென்றே செய்த பேட் வேண்டும், ஆண்களுக்குத் தனி வடிவம் இருக்கிறது. நனைந்ததும் மாற்றி, துடைத்து, தோலுக்குக் களிம்பு. 'டயப்பர்' என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று சட்டம் போடுங்கள்.

கேள்வி: எனக்கு 64 வயது. இந்தத் தொந்தரவு எனக்கேதான். என் மகள் தங்கமானவள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் போன மாதம் ஒரு விசேஷத்தில் பத்துப் பேர் நடுவில் "அம்மா, பாத்ரூம் அந்தப் பக்கம், போயிட்டு வந்துட்டியா?" என்று சத்தமாகக் கேட்டாள். சின்னப் பேரன் சிரித்துவிட்டான். அவள் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில்: நோகட்டும், பரவாயில்லை. கொஞ்ச நேரம்தான் நோகும். வீட்டில், நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது சொல்லுங்கள்: "நீ கேட்கிறது எனக்கு உதவியா இல்லை, கூச்சமா இருக்கு. எனக்கு வேணும்னா நான் சைகை காட்டறேன்." என்ன சைகை என்று இரண்டு பேருமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேரனிடமும் சும்மா சொல்லலாம், "பாட்டிக்குச் சிறுநீர்ப்பை அவசரக்காரப் பை" என்று. குழந்தைகள் ஒரு தடவை சிரிப்பார்கள், அப்புறம் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். சொல்ல வாய் வராவிட்டால் இந்தப் பக்கத்தை மடித்து அவள் கண்ணில் படும்படி வையுங்கள்.

எங்கள் வீட்டுச் சைகை சட்டைப் பை. என் வீட்டுக்காரர் அதைத் தொட்டால் நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். "ஒரு போன் பண்ணணும், கொஞ்சம் கூட வாங்களேன்" என்பேன். இரண்டு பேரும் வெளியே போவோம். அவர் பாத்ரூமுக்குள், நான் வாசலில் காதில் போனோடு. மூன்று வருஷம் இப்படி. அவருக்கு இப்போது எவ்வளவோ தேவலை, ராத்திரியில் ஒரு தடவைதான். ஆனால் சொந்தக்காரர்கள் நடுவில் எனக்கு 'எப்பப் பாரு போன்' என்று ஒரு பேர் வந்துவிட்டது. அது மட்டும் இன்னும் போகவில்லை.